பத்து மில்லிசெகண்ட் தூக்கம்

ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் மூன்று விஷயங்கள்தான் மாறி மாறி வரும்: பூப்போட்ட காலை வணக்கம், சர்க்கரைக்குக் கஷாயம், பென்ஷன் சந்தேகம். போன மாதம் அதிசயமாக ஒரு புகைப்படம் வந்தது. நெய்வேலியில் நான் வேலை பார்த்த பயிற்சி மையத்தில் புது சிமுலேட்டர் வந்து இறங்கியிருக்கிறது. ஆபரேட்டர் ஒருவர் முகத்தில் டிபன் பாக்ஸ் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வெறுங்காற்றைத் திருகிக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே, என்னிடம் முன்பு வேலை பார்த்த கௌதமி எழுதியிருந்தாள்: "மேடம், இதுல டைமர் எல்லாம் புரோகிராம்ல ஒரே வரி. மீதியை அதுவே பார்த்துக்குது. நீங்க அப்போ இதுக்காக ஒரு பாட்டுப் பஞ்சாயத்தே நடத்தினீங்களாமே, எங்க பேட்ச்ல யாருக்கும் முழுக் கதை தெரியாது. எழுதுங்களேன்."

ஒரே வரி என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைப்பானேன். அந்த ஒரு வரிக்காக அதிகாரிகளை வரிசையாக உட்காரவைத்து சினிமாப் பாட்டு கேட்க வைத்தவள் நான். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற கதை இல்லை என்பதால் சாவகாசமாக எழுதுகிறேன்.

என் பூர்வீகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து நிலக்கரி மைன்ஸ் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். எங்கள் தெருவில் இடப்பக்கம் மதுரை, வலப்பக்கம் சேலம், எதிர் குவார்ட்டர்ஸ் தஞ்சாவூர். அதனால் என் தமிழுக்கு ஊர் கிடையாது. டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். மீட்டர் கழற்றினேன், மீட்டர் மாட்டினேன், விரலைச் சுட்டுக்கொண்டு சால்டரிங் பழகினேன். கம்ப்யூட்டர் வந்தபோது அந்த அறைக்குள் வெறுங்காலோடுதான் போகவேண்டும் என்று விதி. மற்றவர்களுக்கு ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டச் சோம்பல். நான் ஹவாய் செருப்பு. இப்படித்தான் நான் புரோகிராமர் ஆனேன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. சர்வீஸின் கடைசிப் பகுதி முழுக்கப் பயிற்சி மையத்தில் கழிந்தது.

அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி தணிகாசலம் சார். அவர் கோபப்படவே மாட்டார். அதைவிட மோசமான ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. நாம் சொல்வதைக் கண்ணை மூடிக் கேட்பார். அதிலிருக்கும் அலங்காரத்தையெல்லாம் உருவிவிட்டு மிச்சத்தை நம் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். "சார், ஏசி பயங்கரமா சொதப்புது, மனுஷன் உட்கார முடியல" என்று போனால், "ஏசி சொதப்புது. எவ்வளவு?" என்பார். அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப வேண்டியதுதான். அவர் அறைக்குள் நுழையும் முன் பெரிய பெரிய என்ஜினியர்கள்கூட வாசலில் நின்று வாய்க்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள்.

சிமுலேட்டர் என்றால் ஒன்றும் பிரமாதமில்லை. பழைய ஆபரேட்டர் கேபினிலிருந்து கழற்றிவந்த நாற்காலி, அதே பழைய லீவர்கள், எதிரே மூன்று திரைகள், மேஜைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர். ஆயுத பூஜைக்கு நடுத்திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தது அப்படியே காய்ந்து கிடக்கும். பூசணிக்காய் உடைக்கிறேன் என்று வந்தவர்களை மட்டும் நான் ஏசி அறைக்குள் விடவில்லை. லீவரை அசைத்தால் திரையில் பக்கெட் வீல் நகரும். மைன்ஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கெட் வீல் என்பது ஒரு தெரு நீளத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் மெஷின். அந்தக் கைக்குப் பெயர் பூம். பூமின் நுனியில் வாளிகள் கோத்த ராட்சதச் சக்கரம் சுற்றும். பூம் இடமும் வலமுமாகத் திரும்பத் திரும்ப, சக்கரம் மண்ணைச் சுரண்டி, அதைச் சுமந்து ஓடும் பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். நிஜ மெஷினில் பழகக் கொடுத்தால் யாராவது எதையாவது இடித்துவிடுவார்கள் என்றுதான் இந்த விளையாட்டு மெஷின். வெளியூர்க் கம்பெனி ஒன்று செய்து கொடுத்தது.

பயிற்சி கொடுப்பவர் மாசிலாமணி. மைன்ஸில் ஆபரேட்டராக இருந்து, முதுகு பழுதாகி எங்களிடம் வந்தவர். அவருக்குப் பாட்டு இல்லாமல் வேலை ஓடாது. சிமுலேட்டர் கம்ப்யூட்டரிலேயே பாட்டுகளை ஏற்றி, இரண்டு ஸ்பீக்கர்களை அலமாரி மேல் கட்டி வைத்திருந்தார். காலையில் கதவைத் திறந்ததும் பாட்டு, பூட்டும்போதுதான் நிறுத்தம். கேட்டால், "பயந்த கை லீவரைப் புடுங்கும் மேடம். பாட்டு கேட்ட கை தடவிக் குடுக்கும்" என்பார். நான் பக்கத்து அறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

அந்த வருஷம் ஒரு நல்ல காரியம் நடந்தது. காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர்கள் சிமுலேட்டர் டெஸ்டில் பாஸானால் பர்மனென்ட் ஆபரேட்டராக எடுத்துக்கொள்வதாக ஆர்டர் வந்தது. நெய்வேலியில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே பெல்ட்டில், ஒரே தூசியில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் உண்டு. மற்றவருக்கு அன்றைய சம்பளம் மட்டும்.

டெஸ்டுக்கு வந்தவர்களில் குமரவேல் என்று ஒருவர். கம்மாபுரம் பக்கம். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே குடும்பத்து நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது. அதிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் மாறினால் இன்னொரு காண்ட்ராக்டர் என்று பெல்ட் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வயது வரம்பில் கடைசிப் படியில் நின்றார். இந்த முறை விட்டால் அடுத்த முறை விண்ணப்பமே போட முடியாது. ஆனால் அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, ஏனென்றால் அந்த பேட்சிலேயே நல்ல கை அவருடையது. மாசிலாமணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "குமரவேலு, நீ முடிச்சிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் டைம் மிச்சம் இருக்கும்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

டெஸ்டன்று மூன்று அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். அறை கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. மாசிலாமணி மரியாதைக்குப் பாட்டை நிறுத்தியதோடு, ஸ்பீக்கர் மேல் துண்டையும் போட்டு மூடியிருந்தார். குறிப்பிட்ட அளவு மண்ணை வெட்டி முடிக்க வேண்டும். பர்சனல் ஆபீசர் கையில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக நேரம் போதாமல் எழுந்தார்கள். தட்டுத்தடுமாறிப் பாஸானவர்கள் இரண்டு மூன்று பேர். குமரவேலும் ஃபெயில். "எல்லாருக்கும் எக்ஸாம் டென்ஷன்" என்று பர்சனல் ஆபீசர் தீர்ப்பு எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மதியம் சைக்கிள் ஸ்டாண்டில் குமரவேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏறவில்லை.

"வீட்டுக்குப் போகலையா குமரவேல்?" என்றேன்.

"போயி இன்னா சொல்றதுன்னு தெரியலைங்க மேடம். ரோசிச்சிகினு நிக்கறேன்."

"மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் மேல பழி போடக் கூடாதுங்க. கை போச்சி. பூமைத் திருப்புறேன், வரல. தெனமும் வர்றது இன்னிக்கி வரல. இன்னும் இழுக்கறேன், அப்பவும் நிதானமாத்தான் வருது. என் கையிலதான் என்னமோ ஆயிப்போச்சி." சொல்லிவிட்டுத் தன் வலது கையை யாருடையதோ மாதிரி பார்த்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லி அனுப்பினேன், ஆனால் அந்த 'வரல' மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் அதே சொல்லைச் சொன்னார்கள். பயம் என்றால் ஒருவர் நடுங்குவார், ஒருவர் மறப்பார், ஒருவர் வேண்டாத லீவரை இழுப்பார். எல்லோரும் ஒரே மாதிரியா பயப்படுவார்கள்?

தணிகாசலம் சாரிடம் போனேன். "சார், டெஸ்டன்னைக்கு மெஷின் ரொம்ப ஸ்லோவா இருந்திருக்கும்னு தோணுது."

கண்ணைத் திறந்தார். "மெஷின் ஸ்லோ. எவ்வளவு?"

ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு சிமுலேட்டர் அறைக்குப் போனேன். உள்ளே மாசிலாமணி அடுத்த பேட்சை உட்காரவைத்து, பாட்டு போட்டு, ஜோராக நடத்திக்கொண்டிருந்தார். பூம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திரும்பும் நேரத்தை அளந்தேன். மேனுவலில் போட்டிருந்ததற்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அசடு வழியத் திரும்பிவந்து சொன்னேன்.

சார் என்னைத் திட்டவில்லை. "டெஸ்ட் அன்னைக்கு ரூம்ல என்னென்ன இருந்துச்சு வசந்தா?" என்றார்.

"மூணு ஆபீசர், நாற்காலி, தண்ணி பாட்டில்..."

"அதெல்லாம் வெச்சு அளங்க."

அக்கவுண்ட்ஸிலிருந்து மூன்று பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்து அதிகாரிகள் மாதிரி உட்காரவைத்தேன். அவர்களும் கால்மேல் கால் போட்டு நன்றாகவே நடித்தார்கள். அதே நாற்காலிகள், அதே ஏசி அளவு, அதே அமைதி. பூமைத் திருப்பினேன். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. மைன்ஸ் மண்ணெல்லாம் கோந்தாகிவிட்டது போல் பூம் ஊர்ந்து வந்தது. குமரவேலின் கை போகவில்லை. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஏன் என்றுதான் தெரியவில்லை. சிமுலேட்டரின் சோர்ஸ் கோட் அலமாரியில் ஒரு சிடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து, நொடிக்கு எத்தனை முறை மெஷினின் கணக்கு நடக்கிறது என்று திரை ஓரத்தில் ஒரு எண் வரும்படி செய்தேன். திரையில் பூம் நகர்வது பார்க்கத் தொடர்ச்சியாகத் தெரியும். உள்ளே அது அடியடியாக வைத்து நகர்கிறது. நொடிக்கு நூறு அடி. ஒவ்வொரு அடிக்கும் பத்து மில்லிசெகண்ட் ஆயிற்று என்று புரோகிராம் நம்புகிறது. நூறு வரவேண்டிய இடத்தில் அறுபத்து நான்கு என்று காட்டியது. புரோகிராம் தன் மனதுக்குள் ஒரு நொடி ஓடி முடிக்கும்போது வெளியே ஒன்றரை நொடி ஆகியிருக்கிறது. ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கும் பர்சனல் ஆபீசர் வெளியேதான் இருக்கிறார்.

ஏசியை நிறுத்திப் பார்த்தேன். அறுபத்து நான்கு. மின்சாரம் செய்கிற ஊரில் வோல்டேஜைச் சந்தேகப்படுவது அபசாரம், இருந்தாலும் அதையும் அளந்தேன். அறுபத்து நான்கு. அக்கவுண்ட்ஸ் அதிகாரிகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். அவர்களுக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. நான் மேஜைக்கு அடியில் குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பொழுது போகாத மாசிலாமணி பாட்டைத் தட்டிவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் எண் எண்பத்தெட்டு.

"நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். அறுபத்து நான்கு.

"போடுங்க." எண்பத்தெட்டு.

"நிறுத்துங்க." அறுபத்து நான்கு.

"மேடம், இந்தப் பாட்டு புடிக்கலைன்னா வேற போடறேன். இப்படி வதைக்காதீங்க" என்றார் மாசிலாமணி, உண்மையிலேயே மனம் புண்பட்டு. வேறு பாட்டு போடச் சொன்னேன். சோகப் பாட்டு, குத்துப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் போட்டோம். மெஷினுக்கு எல்லாம் சம்மதம். பாட்டு இருந்தால் போதும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்றைய பொழுது முழுக்கப் போயிற்று. கண்டுபிடித்ததும் இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த கம்பெனி புரோகிராமர் எழுதியிருந்தது இது: ஓர் அடி வை, பத்து மில்லிசெகண்ட் தூங்கு, மறுபடி அடி வை, மறுபடி தூங்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தூங்குகிறவரைக் கேட்ட நேரத்துக்கு எழுப்ப கம்ப்யூட்டருக்கு வழி கிடையாது. நம் ஷிப்ட் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயைப் பத்து நிமிஷத்தில் குடித்து முடித்துவிட்டாலும் பஸ் வரும்போதுதான் கிளம்ப முடியும். அந்தக் கால விண்டோஸில் இந்த பஸ் நொடிக்கு அறுபத்து நான்கு முறை வரும். பாட்டு போடும் புரோகிராமுக்கு அது பத்தாது, பாட்டு விக்கிவிடும். அதனால் அது, பஸ்ஸை இன்னும் அடிக்கடி விடு என்று மேலிடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும். பஸ் அடிக்கடி வந்தால் ஸ்டாப்பில் நிற்கும் எல்லோருக்கும்தான் லாபம். பாட்டு நின்றதும் பழைய டைம்டேபிள். மாசிலாமணியின் பாட்டு தயவில்தான் எங்கள் சிமுலேட்டர் அத்தனை நாளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு போன் போட்டேன். "எங்க சைடுல பர்ஃபெக்டா ஓடுது மேடம்" என்றார் ஒரு தம்பி. "நீங்க வேலை பார்க்கறப்போ காதுல ஹெட்போன் இருக்குமா?" என்றேன். "எப்பவுமே இருக்கும் மேடம், ஏன்?" என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

சாரிடம் சொன்னபோது அலங்காரம் எதுவும் சேர்க்காமல் சொன்னேன். "பாட்டு இருந்தா எண்பத்தெட்டு. இல்லைன்னா அறுபத்து நாலு."

"எது சரி?" என்றார்.

மறுநாள் காலை இருவரும் மைன்ஸுக்கே போனோம். நிஜ பக்கெட் வீலின் எதிரே ஹெல்மெட்டோடு நின்று பூம் கோடிக்குக் கோடி திரும்பும் நேரத்தை அளந்தோம். சார் ஒரு ஸ்டாப்வாட்ச், நான் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாத அளவை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறி, என் மூக்கெல்லாம் பழுப்புத் தூசி. பல தடவை அளந்து சராசரி எடுத்தபோது, பாட்டு இருக்கும் மெஷின்கூட நிஜத்தைவிடக் கொஞ்சம் சோம்பேறி என்று தெரிந்தது. ஏனென்றால் அடி வைக்க ஆகும் நேரத்தை அந்த புரோகிராமர் தூக்க நேரத்திலிருந்து கழிக்கவே இல்லை. ஆகக்கூடி இரண்டு வேகமும் தப்பு. "ரெண்டும் சரியில்லை" என்றார் சார், ஜீப்பில் ஏறும்போது. அவர் வாயில் அது கடும் வசவு.

டெஸ்டைத் திரும்ப நடத்த வேண்டுமென்றால் மெஷினில் கோளாறு இருந்தது என்று அதிகாரிகளுக்கு நிரூபிக்க வேண்டும். இதுதான் கௌதமி சொன்ன பாட்டுப் பஞ்சாயத்து. அதே மூன்று பேர், அதே நாற்காலிகள். சார் ஸ்டாப்வாட்சை என் கையில் தராமல் பர்சனல் ஆபீசர் கையில் கொடுத்தார். "நாங்க ஒண்ணும் சொல்லப் போறதில்லை சார். நீங்களே அளந்துக்குங்க." முதலில் அமைதியில் பூம் திரும்பியது. பிறகு மாசிலாமணி, பெரியவர்கள் முன்னால் என்பதால் பக்திப் பாட்டாகப் போட்டார். பூம் விறுவிறுவென்று திரும்பியது. பர்சனல் ஆபீசர் மறுபடி அளந்தார். மறுபடி. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டு போட்டா வேகமா ஓடுது. நிறுத்தினா மெதுவா ஓடுது. இதை நான் ஃபைல்ல எப்படிம்மா எழுதறது?"

"டைமர் பழுது, சரிசெய்யணும். அவ்வளவு போதும்" என்றார் சார். டெஸ்ட் ரத்தானது. எல்லோருக்கும் மறு டெஸ்ட். பாஸானவர்களும் திரும்ப ஓட்டவேண்டும் என்று சார் சொல்லிவிட்டதால், அவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

விஷயம் வெளியே போகாமல் இருக்குமா? பக்கத்து ஊர் வடக்குத்து டீக்கடை வரைக்கும் போய், போகிற வழியில் கைகால் முளைத்துக்கொண்டது. பாட்டு போட்டால்தான் இவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம் என்று பேச்சு. குமரவேலைப் பெல்ட்டில் எல்லோரும் பாட்டு ஆபரேட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் நேரே என்னிடம் வந்தார். "மேடம், ஒண்ணு கேக்கணும். மெஷினை ஒண்ணும் பண்ண வேணாங்க. இருக்கறபடியே இருக்கட்டும். பாட்டு போட்டுகினே டெஸ்ட் வெச்சிடுங்க. அந்த வேகம் எனக்குக் கைக்கு வந்திருக்குது. நீங்க மாத்திட்டீங்கன்னா மறுபடியும் மொதல்லேர்ந்துங்க. எனக்கு இன்னொரு தடவை கெடையாது."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாட்டு போட்டு வைத்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸாவார். நான் சரிசெய்தால் மெஷின் அவர் பழகியதைவிட வேகமாகிவிடும். நல்லது செய்கிறேன் என்று கிளம்பி ஒரு மனுஷனின் கடைசிச் சந்தர்ப்பத்தை நானே பிடுங்குகிறேனா? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. குமரவேலையும் கூட்டிக்கொண்டு சாரிடம் போனேன். பாட்டோடு வைத்துவிடலாம் என்று நானும் சேர்ந்து கேட்டேன்.

சார் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினார். "குமரவேல், அங்க பூம் இந்த வேகத்துல வராது. சீக்கிரம் வரும். நீங்க எதிர்பார்க்கறதுக்கு முன்னாடி வரும். பக்கத்துல பெல்ட்ல ஆள் நிப்பாங்க."

அத்தனை வருஷம் பெல்ட்டில் நின்றவர் குமரவேல். "அது வாஸ்தவந்தாங்க" என்றார். பிறகு, "பழகறதுக்கு நாள் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"நான் வாங்கித் தரேன்" என்றார் சார். பர்சனலில் சண்டை போட்டு ஒரு வாரம் வாங்கினார். அவர் சண்டை போட்டார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என்னிடம், "ஒரு வாரம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு நாளைக்கூடத் தின்றுவிடக் கூடாது என்று நான் மறுநாளே வேலையை முடித்தேன். கௌதமிக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பஸ்ஸை அடிக்கடி விடு என்று இனி சிமுலேட்டரே கேட்டு வாங்கிக்கொள்ளும். யார் பாட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். பத்து மில்லிசெகண்ட் தூங்கு என்பதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அடுத்த அடியின் நேரம் இது, அதுவரை தூங்கு என்று மாற்றினேன். ஒவ்வொரு அடியின் நேரமும் தொடக்கத்திலிருந்து எண்ணி வருவதால், ஓர் அடி கொஞ்சம் தாமதமானாலும் அந்தத் தாமதம் அடுத்ததன் தலையில் ஏறாது. முழு நேரமும் தூங்கவும் விடவில்லை. கொஞ்சம் முன்னாலேயே எழுப்பி, மீதி நேரத்துக்குக் கண்கொட்டாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கச் செய்தேன். கம்ப்யூட்டருக்கு வீண் உழைப்புதான், ஆனால் துல்லியம் அங்கேதான் கிடைக்கும். அப்படியும் ஏதாவது குறுக்கே வந்து பிந்திவிட்டால், விட்ட அடிகளைச் சேர்த்து வைத்து ஈடுகட்ட வேண்டும், அதற்கும் ஓர் உச்சவரம்பு போட்டு.

இன்னொன்று. திரையின் மூலையில் மணி காட்டும் கடிகாரத்தை நம்பவே இல்லை. ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று டவுன்ஷிப்பில் பாதிக் கடிகாரங்கள் முன்னால்தான் ஓடும். மாசிலாமணி கம்ப்யூட்டர் மணியையும் சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்து முன்னே தள்ளிவைப்பார். நான் கணக்கெடுத்தது, யாரும் கைவைக்க முடியாதபடி உள்ளே முன்னால் மட்டுமே எண்ணிக்கொண்டு போகும் கவுண்டரை. பாட்டோடும் பாட்டு இல்லாமலும் ஓடவிட்டுப் பார்த்தேன். எண் நூறிலேயே நின்றது. சார் வந்து தன் ஸ்டாப்வாட்சால் பூமை அளந்து, மைன்ஸில் எடுத்த சராசரியோடு ஒப்பிட்டுவிட்டு, "சரி" என்றார். என் சர்வீஸில் அவரிடம் வாங்கிய பெரிய பாராட்டு அது.

குமரவேலுக்கு முதல் இரண்டு நாள் படுமோசம். பூம் அவர் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. "இன்னாங்க மேடம் இது, பேய் புடிச்ச மாதிரி ஓடுது" என்றார். மாசிலாமணி பாட்டு போடக் கையை நீட்டியபோது அவரே தடுத்தார். "வேணாம் சார். அது இல்லாமலே பாக்கறேன்." மூன்றாம் நாள் பூம் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. காலையில் பெல்ட்டில் ஷிப்டை முடித்துவிட்டு, தலையில் தூசியோடு நேரே இங்கே வருவார். வார முடிவில் என்ன நிலைமை என்று நான் மாசிலாமணியைக் கேட்டேன். "பாதிக்குப் பாதி மேடம்" என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

மறு டெஸ்ட். அதே மூன்று பேர், அதே அமைதி. குமரவேலின் பெயரைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தார், கையை லீவரில் வைத்தார். முதல் திருப்பத்திலேயே பூம் கொஞ்சம் தாண்டிவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அதைப் பின்னால் கொண்டுவந்து, அவசரப்படாமல் அடுத்த வெட்டைத் தொடங்கியிருந்தார். இடம், வலம், கொஞ்சம் இறக்கம், மறுபடி இடம். பூம் போய்ச் சேர்வதற்கு முன்பே லீவரைத் தளர்த்தக் கற்றுக்கொண்டிருந்தார். அதைத்தான் பழைய மெஷின் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை. கடைசி வாளி மண் பெல்ட்டில் விழுந்தபோது பர்சனல் ஆபீசர் ஸ்டாப்வாட்சை அழுத்தி, பக்கத்திலிருந்தவரிடம் காட்டி, பிறகு பாஸ் என்றார். மிச்சமிருந்த நேரத்தில் டீ குடிக்க முடியாதுதான், ஆனால் மிச்சம் இருந்தது.

குமரவேல் உடனே எழுந்திருக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"மேடம், இப்ப ஓடுச்சே, இது மைன்ஸ்ல ஓடற அதே வேகந்தானுங்களே?"

"அதே வேகம்தான் குமரவேல். அளந்து வெச்சது."

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குப் போனார். அடுத்தவரை உட்காரவைக்க மாசிலாமணி திரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததால், குமரவேல் வீட்டுக்கு போன் பேசுவது உள்ளேயிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஆங், பாஸ்தான். நெசமாத்தான் சொல்றேன், நீ அழுவாத." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "இல்ல இல்ல, பாட்டுலாம் யாரும் போடல. நாந்தான் ஓட்டுனேன்."